ஆரஞ்சு பெக்கோ: ஒரு தேயிலைப் பெயரின் வேர்கள்

குன்னூர்த் தேயிலை ஏலப் பட்டியல்களில் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற சுருக்கங்கள் வாராவாரம் வருகின்றன. மூன்றிலும் பொதுவாக நிற்கும் ‘ஓ.பி.’ என்பதன் விரிவு ஆரஞ்சு பெக்கோ. கோத்தகிரி முதல் கூடலூர் வரை நீலகிரித் தொழிற்சாலைகளில் அன்றாடம் புழங்கும் பெயர் இது. ஆரஞ்சுப் பழத்தின் சாறோ மணமோ அந்தத் தூளில் கிடையாது. பெயர் குறிப்பது இலையின் அளவை மட்டுமே. கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தி முடித்தபின் வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகளில் சலிக்கிறார்கள். முறுக்குக் குலையாமல் நீளமாக நிற்கும் இலை ஆரஞ்சு பெக்கோ. நொறுங்கியது புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. அதனினும் சிறியது ஃபேனிங்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே தங்குவது டஸ்ட்.

இந்த இரு சொற்களையும் உலகச் சந்தைக்குப் பொதுவாக்கியது ஆங்கிலம். ஆனால் இரண்டில் எதுவும் ஆங்கிலத்தில் பிறந்ததில்லை. பெக்கோ தென்சீனத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. ஆரஞ்சு இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள், இத்தாலி, பிரான்சு என்று மேற்கே போய் ஆங்கிலத்தை அடைந்தது. அதன் முதல் ஊற்று திராவிட மொழிகளில் இருக்கலாம் என்ற கருத்துக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு சொல்லின் பிறப்பில் எது உறுதி, எது வலுவான கருத்து, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க இந்தத் தேயிலைப் பெயர் மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு.

சொற்பிறப்பைத் தீர்மானிக்கும் அளவுகோல்கள்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் தற்செயலாகவும் அமையும். ஆகவே ஒலி ஒப்புமை விசாரணையின் தொடக்கம்தான், தீர்ப்பு ஆகாது. ஒரு சொல் இன்ன மொழியிலிருந்து வந்தது என்று கொள்ள நான்கு சான்றுகள் ஒத்துவர வேண்டும். முதலாவது ஒலி: ஒரு மொழியின் ஒலி இன்னொன்றில் எப்படி மாறும் என்பதற்கு வேறு சொற்களிலும் அதே ஒழுங்கு தெரியவேண்டும். இரண்டாவது காலம்: கொடுத்த மொழியில் சொல் முன்பே வழங்கியிருக்க வேண்டும். மூன்றாவது வழி: வணிகமோ குடியேற்றமோ ஆட்சியோ இரு மொழிக்காரரையும் சந்திக்க வைத்திருக்க வேண்டும். நான்காவது பொருள்: பொருள் மாறியிருந்தால் அந்த மாற்றத்துக்கு இயல்பான காரணம் வேண்டும். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் பெக்கோவும் ஆரஞ்சும் வெவ்வேறு நிலைகளில் நிற்கின்றன.

பெக்கோ: வெண்மயிர்

செடியின் நுனியில் விரியாத மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன்மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். மொட்டு விரிந்து இலை முற்ற முற்ற அது உதிர்ந்துவிடும். இளங்கொழுந்தின் அடையாளமான இந்த வெண்மயிரைத்தான் சீனத்தின் தெற்கே ஃபூஜியன் மாகாணத்து மின் மொழியில் ‘பெக்-ஹோ’ என்றார்கள். ‘பெக்’ என்றால் வெள்ளை, ‘ஹோ’ என்றால் மெல்லிய மயிர். அத்தகைய கொழுந்து கலந்த தேயிலைக்கே அது பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பெக்கோ எழுத்தில் வந்துவிட்டது.

சொல் சீனத்தின் எந்தப் பகுதியிலிருந்து புறப்பட்டது என்பதையும் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. வடசீன மொழியில் இதே சொல் ‘பாய்-ஹாவ்’. வடக்கே சொல்லிறுதியில் இருந்த க், ட், ப் ஒலிகள் மறைந்துவிட்டன; தெற்கே அவை நிலைத்தன. பெக்கோவின் நடுவில் நிற்கும் ‘க்’ அந்தப் பழைய இறுதி ஒலி. கண்டோனிய மொழியிலும் ‘க்’ உண்டு, ஆனால் அங்கே உயிரொலி ஆகாரம். ‘எ’ என்ற உயிரும் ‘க்’ என்ற மெய்யும் சேர்ந்து வருவது மின் மொழியில். அந்த மொழி வழங்கும் சியாமென் துறைமுகத்தை ஐரோப்பியர் அமோய் என்று அழைத்தார்கள்.

தேயிலை வணிகத்தின் பிற பழைய பெயர்களும் தென்சீனத்தவை. சிற்றின வகை என்று பொருள்படும் சூச்சோங், உழைப்பும் திறமும் தேவைப்படுவது என்ற பொருளுள்ள கொங்கு, வூயி மலையின் பெயரான போஹியா ஆகியவை பெக்கோவின் உடன்பிறப்புகள். ஒலி, காலம், வழி, பொருள் நான்கும் இங்கே ஒத்துவருகின்றன. பெக்கோவின் பிறப்பில் ஐயமில்லை.

‘தே’யும் ‘சா’வும்

தேயிலையின் பெயரே இந்த வழிகளை இன்னும் தெளிவாகக் காட்டும். உலக மொழிகள் பெரும்பாலும் தேயிலையை இரண்டே விதமாகச் சொல்கின்றன: ஒன்று ‘தே’, மற்றது ‘சா’. இரண்டும் ஒரே சீன எழுத்தின் இருவேறு ஒலிப்புகள். பழைய சீனத்தில் இருந்த டகர ஒலி பெரும்பாலான வட்டாரங்களில் சகரமாக மாறியது. மின் மொழியில் மட்டும் மாறாமல் ‘தே’ என்று நின்றது. தாங் அரசர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், லூ யூ தேயிலை நூலை இயற்றினார். கசப்புக் கீரையைக் குறித்த பழைய எழுத்தில் ஒரு கோடு குறைந்து தேயிலைக்கெனத் தனி எழுத்து நிலைபெற்றது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

தரைவழிப் பாதையில் போனது ‘சா’. பாரசீகத்தில் ‘சாய்’ ஆகி இந்திக்கும் ருசிய மொழிக்கும் பரவியது. 1557இல் மக்காவோவில் நிலைகொண்ட போர்ச்சுகீசியர் கண்டோனிய வட்டாரத்துச் சொல்லை எடுத்துக்கொண்டதால் அவர்கள் மொழியில் அது இன்றும் ‘ஷா’. டச்சுக்காரர் வணிகம் செய்தது மின் மொழி பேசிய சீனரோடு. அவர்கள் ‘தே’ என்றார்கள், ஐரோப்பாவின் பெரும்பகுதி அவர்களைப் பின்பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. 1598இல் லின்ஸ்கோட்டன் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘சா’ வடிவம் உண்டு. 1615இல் ஜப்பானின் ஹிராடோவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி முகவர் ரிச்சர்டு விக்கம் தம் கடிதத்தில் எழுதியதும் ‘சா’ வகைச் சொல்தான். 1660இல் சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் குறித்தது ‘டீ’ வகை.

அந்த ஆங்கிலச் சொல் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘டே’ என்றே ஒலித்தது. கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை ‘ஒபே’ என்ற சொல்லோடு எதுகைப்படுத்தியது இதற்குச் சான்று. பிறகே அது ‘டீ’ ஆயிற்று. தமிழில் இரண்டு படிவங்களும் தங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. தேயிலை, தேநீர் என்பவற்றில் உள்ள ‘தே’ பழைய ஏகாரத்தைக் காக்கிறது. டச்சிலும் மலாயிலும் பழைய ஆங்கிலத்திலும் அதே உயிர்தான். டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தார்கள். மலாய்த் துறைமுகங்களோடு தமிழ் வணிகருக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஆகவே ‘தே’ வருவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் திறந்திருந்தன. கடையில் கேட்கும் ‘டீ’ பிற்கால ஆங்கில ஒலிப்பு.

நீலகிரியின் கூடலூர் வட்டாரத்தில் இந்த வரலாறு முழுதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கிறது. மலையாளம் பேசுவோர் செடியின் இலையைத் தேயில என்றும் குடிப்பதைச் சாயா என்றும் சொல்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியமர்ந்த குடும்பங்களின் சொல் தேத்தண்ணி. மற்றத் தமிழர் டீ என்கிறார்கள். சீனத்தின் இரண்டு ஒலிப்புகளும், ஆங்கிலத்தின் பிற்கால ஒலிப்பும் ஆக மூன்று காலடுக்குகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

ஆரஞ்சு: மேற்கிலிருந்து பின்னோக்கி

பழத்தின் பெயராக ஆரஞ்சு 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆங்கிலத்தில் நிலைபெற்றது. நிறத்தின் பெயரானது 16ஆம் நூற்றாண்டில். அதாவது பழம் வந்தபின்தான் நிறத்துக்குப் பெயர் கிடைத்தது. ஆங்கிலம் அதை எடுத்தது பழைய பிரெஞ்சின் ‘ஒரெஞ்ச்’ என்ற வடிவத்திலிருந்து. பிரெஞ்சுக்கு முன்னால் இத்தாலியின் ‘அரன்சியா’, அதற்கும் முன்னால் ‘நரன்சியா’. வெனிஸ் வட்டாரப் பேச்சில் இன்றும் ‘நரன்சா’ என்று நகரம் ஒலிக்கிறது. ஸ்பானிய மொழி அரபியிலிருந்து நேரே எடுத்ததால் ‘நரன்ஹா’ என்று நகரத்தோடே வைத்திருக்கிறது. போர்ச்சுகீசியத்தில் நகரம் லகரமாகி ‘லரஞ்சா’ ஆனது.

நகரம் எப்படி மறைந்தது என்பதில் ஒரு தவறான கருத்து பரவலாக உண்டு. ‘எ நாரஞ்’ என்பதை ஆங்கிலேயர் ‘அன் ஆரஞ்’ என்று பிரித்துவிட்டார்கள் என்பது அது. ஆங்கிலத்தில் அப்படிப் பிரிந்த சொற்கள் இருப்பது உண்மை. கிரிக்கெட் அம்பயர் முன்பு ‘நம்பயர்’ வகைச் சொல், ஏப்ரன் முன்பு ‘நேப்ரன்’. ஆனால் ஆரஞ்சு ஆங்கிலத்தை அடையும்முன்பே நகரத்தை இழந்துவிட்டது. இத்தாலியில் ‘ஊன்’ என்னும் ஒருமைச் சொல்லின் இறுதி நகரத்தோடு அது கலந்து கரைந்தது. பிரெஞ்சில் முதலெழுத்து ‘ஒ’ ஆனதற்குப் பொன்னைக் குறிக்கும் ‘ஒர்’ என்ற சொல்லின் சாயல் காரணமாயிருக்கலாம். இடைக்காலப் புலவர்கள் பொன்னோடு இணைத்து ‘ஔரான்ஷியம்’ என்று ஒரு லத்தீன் சொல்லையே ஆக்கினார்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த சிட்ரஸ் ஔரான்ஷியம் என்ற தாவரப் பெயரில் அந்தச் செயற்கைச் சொல் இன்றும் நிற்கிறது.

இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பழத்தையும் பெயரையும் கொடுத்தவர்கள் அரபியர். அரபியில் ‘நாரஞ்ஜ்’, பாரசீகத்தில் ‘நாரங்’. பாரசீகத்தின் ககர ஒலி அரபியில் ஜகரமாவது வழக்கமான மாற்றம். 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மசூதி, நாரஞ்ச் மரம் ஹிஜ்ரி 300க்குப் பின் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமனிலும் பிறகு பஸ்ரா, ஈராக், சிரியா பகுதிகளிலும் நடப்பட்டது என்று எழுதினார். ஹிஜ்ரி 300 என்பது பொது ஆண்டு 912ஐ ஒட்டியது. இந்தியாவிலிருந்து அரபு நாட்டுக்கு என்ற வழி இப்படி ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது.

அன்று போனது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சைப் பிற்காலத்தில் பரப்பியவர்கள் போர்ச்சுகீசியர். அதனால் அரபியிலும் பாரசீகத்திலும் கிரேக்கத்திலும் இனிப்புப் பழத்துக்குப் போர்ச்சுகல் நாட்டின் பெயரே பெயராகிவிட்டது. டச்சு மொழியில் அது ‘சீன ஆப்பிள்’ என்ற பொருளுள்ள ‘சினாஸ்அப்பெல்’.

நாரங்கமும் நாரத்தையும்

பாரசீக ‘நாரங்’ சம்ஸ்கிருத ‘நாரங்க’ என்பதோடு இணைவதில் கருத்து வேறுபாடு இல்லை. சம்ஸ்கிருதத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. அந்த மொழியின் வேர்ச்சொற்களால் ‘நாரங்க’ என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை. ‘நாகரங்க’ என்ற இன்னொரு வடிவமும் வழங்கியது. பொருள் விளங்காத வெளிச்சொல்லைத் தெரிந்த சொற்களாகப் பிரித்து விளக்க முயன்றதன் தடம் அது என்று கருதலாம்.

தென்னகத்தை முதலில் சுட்டியவர் சென்னையில் கம்பெனி மருத்துவராகவும் தாவர ஆய்வாளராகவும் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். தமிழில் ‘நர்’, ‘நார்’ என்று தொடங்கும் பல சொற்கள் மணத்தோடு தொடர்புடையவை என்ற அவருடைய குறிப்பை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஜோன்ஸ் தம் கட்டுரையில் எடுத்தாண்டார். நாரத்தையும் காட்டு ஆரஞ்சு மரமும் அந்தப் பட்டியலில் இருந்தன. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதை மீண்டும் எடுத்துக்காட்டியது. லத்தீன் ‘ஔரான்ஷியம்’ வழியான விளக்கத்தைத் தவறென்று ஒதுக்கி, சம்ஸ்கிருத வடிவங்கள் ஏதோ ஒரு தென்னகச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டிருக்கலாம் என்றது. தொகுத்தவர்களில் பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னக மொழிகளை நேரில் கற்றவர்.

திராவிடச் சொற்களை முறையாக ஒப்பிடும் வாய்ப்பு வந்தது 20ஆம் நூற்றாண்டில். தாமஸ் பர்ரோவும் மரே எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இலும் அதன் திருத்திய பதிப்பு 1984இலும் வெளிவந்தன. எமனோவுக்கு நீலகிரியோடு நேரடித் தொடர்பு உண்டு. 1930களின் பிற்பகுதியில் இந்த மலைகளில் தங்கித் தோடர், கோத்தர், படுகர் பேச்சுகளைக் கேட்டு எழுதிய களப்பணியே அவருடைய ஆய்வுக்கு அடித்தளம். எழுத்தில்லாத மலைமொழிகளின் சாட்சியமும் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளின் சாட்சியத்தோடு சேர்த்து வைக்கப்பட்டது அந்த உழைப்பால்தான்.

திராவிடப் பிறப்புக்கு ஆதரவான வலுவான சான்று சொல்லின் கட்டமைப்பில் உள்ளது. மலையாளத்தில் மாங்காய் ‘மாங்ஙா’, தேங்காய் ‘தேங்ஙா’. அதே அச்சில் நாரங்காய் ‘நாரங்ஙா’. ‘நார’ என்பது மரத்தின் பெயர், ‘காய்’ அதோடு சேர்ந்தது. மலையாளத்தில் மரம் ‘நாரகம்’. தமிழில் நாரத்தை, அதன் காய் நாரத்தங்காய். நாரங்கம் என்ற முழுவடிவம் மட்டுமே இம்மொழிகளில் இருந்திருந்தால் அது சம்ஸ்கிருதத்திலிருந்து வந்த கடன் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் வெவ்வேறு ஈறுகள் ஏற்கும் ‘நார’ என்ற அடி தனியே நிற்கிறது. மாங்காயோடு இணையும் ‘மேங்கோ’ 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதில் ஐயமில்லை. நாரங்காய் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வடக்கே போயிருக்கலாம் என்பது இக்கருத்தின் சாரம்.

இதை எதிர்க்கும் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. மணத்தோடு இணைக்கும் விளக்கம் எழுத்திலேயே இடறுகிறது. மணம் வீசுதலைக் குறிக்கும் ‘நாறு’, நல்ல மணத்தைக் குறிக்கும் ‘நறு’ இரண்டிலும் வல்லின றகரம். நாரத்தை, நாரகம், நாரங்ஙா எல்லாவற்றிலும் இடையின ரகரம். தமிழும் மலையாளமும் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்த மொழிகள். ஆகவே ‘நறுங்காய்’ நாரங்கம் ஆயிற்று என்று சொல்வோர் றகரம் ரகரமானதற்குக் காரணம் காட்டவேண்டும். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் நரந்தம் ரகரத்தோடுதான் வருகிறது. அதை நாரத்தம்பூ என்று உரை கொள்வதும் உண்டு. ஆனால் பழந்தமிழில் நரந்தம் ஒரு மணப்புல்லையும் குறிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பழத்தின் பழமையை நிறுவ முடியாது.

தாவரவியல் எழுப்பும் தடை இன்னொன்று. 2018இல் வெளியான மரபணு ஆய்வு, எலுமிச்சை-ஆரஞ்சு இனங்களின் பூர்விகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று காட்டியது. அஸ்ஸாம், வடக்கு மியான்மர், மேற்கு யுன்னான் அதில் அடங்கும். பழம் அங்கிருந்து வந்திருந்தால் பெயரும் அப்பகுதி மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கக் கூடும். எனினும் பழம் பிறந்த இடமும் பெயர் பிறந்த இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. பழத்தை மேற்கே அனுப்பிய வணிகரின் மொழியே பல சமயம் பெயரைத் தீர்மானிக்கிறது.

இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தால், சம்ஸ்கிருதத்துக்கு அது வெளியிலிருந்து வந்தது என்பது ஏறக்குறைய உறுதி. வந்த இடம் திராவிடம் என்பது கிடைக்கும் விளக்கங்களில் வலுவானது. மணத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது என்பது நிறுவப்படாத ஊகம்.

தேயிலைப் பெயருக்குள் ஆரஞ்சு வந்த கதை

பழத்தின் பெயர் தெளிந்தாலும், தேயிலைத் தரத்துக்கு அது ஏன் ஒட்டியது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. மொட்டின் வெண்மயிர் தேயிலை பதமாகும்போது சாறேறிப் பொன்னும் செம்பும் கலந்த நிறமாகும்; தொழிற்சாலைகளில் ‘டிப்ஸ்’ என்று மதிப்போடு சொல்லப்படுவது அதுதான். அந்த நிறமே ஆரஞ்சு என்பது முதல் விளக்கம். சீனத்தில் பெக்கோவைப் பூக்களால் மணமூட்டி ஏற்றுமதி செய்தார்கள், 19ஆம் நூற்றாண்டு லண்டன் சந்தையில் மணமூட்டிய ஆரஞ்சு பெக்கோ ஒரு தனிச் சரக்கு, ஆகவே அது ஆரஞ்சுப் பூவைச் சுட்டும் என்பது இரண்டாவது. டச்சு நாட்டின் ஆரஞ்சு அரச குடும்பத்தின் பெயரைச் சேர்த்துச் சரக்குக்கு மதிப்புக் கூட்டினார்கள் என்பது மூன்றாவது.

மூன்றாவது விளக்கம் சரியென்றால் சொல்லின் வம்சமே மாறிவிடும். அந்தக் குடும்பத்தின் பெயர் தென்பிரான்சின் ஒராஞ்ச் நகரத்திலிருந்து வந்தது. 1544இல் நாசாவ் குடும்பத்து வில்லியம் அந்தச் சிற்றரசைப் பெற்றார். நகரின் ரோமானியக் காலப் பெயர் அரௌசியோ, அது கெல்டிய நீர்த்தெய்வம் ஒன்றின் பெயர். அதற்கும் பழத்துக்கும் தொடர்பே இல்லை. இடைக்காலத்தில் இரண்டு பெயர்களும் தேய்ந்து ஒரே ஒலியில் கலந்தன. அதன் பிறகே அரச குடும்பம் பழத்தின் நிறத்தைத் தன் நிறமாக ஏற்றது. ஆக, ‘ஆரஞ்சு’ நிறத்தையோ பூவையோ குறித்தால் அதன் தொலைவேர் நாரங்கம். குடும்பத்தைக் குறித்தால் தொலைவேர் அரௌசியோ. மூன்றில் ஒன்றை உறுதிசெய்யும் ஆவணம் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

நீலகிரிக்குத் தேயிலை வருமுன்பே இந்தப் பெயர்கள் லண்டன் சந்தையில் நிலைத்துவிட்டன. 1830களில் கேத்தி அரசுப் பண்ணையில் சோதனையாகச் செடிகள் வைக்கப்பட்டன. 1850களில் குன்னூரில் மான் என்பவர் சீன விதை தருவித்துத் தோட்டம் போட்டார், அடுத்த பத்தாண்டுகளில் எஸ்டேட்டுகள் பரவின. விற்பனை லண்டனை நம்பியிருந்ததால் சலித்த இலைக்கு அந்தச் சந்தையின் பெயர்களே சூட்டப்பட்டன. இன்று இம்மலைகளில் பெருமளவு ஆவது குருணையாக நறுக்கும் சி.டி.சி. தேயிலை. அதில் முறுக்கிய முழு இலை இல்லாவிட்டாலும் பி.ஓ.பி. என்ற பெயர் தொடர்கிறது. வெண்மயிர் என்ற பொருள் உதிர்ந்து, பெயர் துகளின் அளவை மட்டும் சுட்டும் நிலைக்கு வந்திருக்கிறது.

தீர்ந்ததும் தீராததும்

பெக்கோவும் ‘தே’யும் மின் மொழிச் சொற்கள் என்பது தீர்ந்த முடிபு. ஆரஞ்சு பிரெஞ்சு, இத்தாலி, அரபு, பாரசீகம் வழியாகச் சம்ஸ்கிருத நாரங்கத்தை எட்டுவதும் அப்படியே. நாரங்கத்தின் திராவிடப் பிறப்பு வலுவான கருத்து. தேயிலைத் தரத்தில் ஆரஞ்சு நுழைந்த காரணம் திறந்த கேள்வி.

உலகச் சொற்களுக்கெல்லாம் தமிழே மூலம் என்று ஒலி ஒப்புமையை மட்டும் வைத்துப் பட்டியலிடும் வழக்கம் தமிழுக்கு நன்மை செய்யாது. கூடலூர் மலையாளத்தின் ஒரு ‘ஙா’வும் தமிழின் ரகர-றகர வேறுபாடும் இந்த ஆராய்ச்சியில் நேரடிச் சான்றுகளாக நிற்கின்றன. ஒன்று திராவிடக் கருத்தைத் தாங்குகிறது, மற்றது அதன் எல்லையைக் காட்டுகிறது. மீதமிருக்கும் கேள்விகளைத் தீர்க்க வேண்டியவை டச்சுக் கம்பெனியின் சரக்குப் பதிவேடுகளும், காலம் உறுதியான பழைய மருத்துவ நூல்களும், தென்னகத்தின் எழுதப்படாத பேச்சுகளில் காட்டு நாரத்தை வகைகளுக்கு வழங்கும் பெயர்களுமே. இவற்றில் கடைசியானது களத்தில் போய்க் கேட்டு எழுதவேண்டியது. அந்தப் பேச்சுகளைப் பேசுவோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி.